நாற்பது பக்கம் பூமாரி

மனிதர்களுக்கு அரை நிமிஷம் சும்மா நிற்கத் தெரியாது. வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கம்பெனி பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிற ஆள், நான் நோட்டைத் திறந்து பேனாவை வைத்த அடுத்த நொடி காதைக் குடைவான். சரி, குடைகிற மாதிரியே வரைந்து தொலைப்போம் என்று கோட்டை மாற்றினால், கையை இறக்கிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வான். நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டானோ, சோலி முடிந்தது. சீப்பு வெளியே வரும். நெஞ்சு நிமிரும். கல்யாண ஆல்பத்துக்கு நிற்கிற மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு வேண்டியது, எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து ஒரு காலில் பாரத்தைச் சாய்த்து நிற்கிற முதுகு. டிபன் பையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தூங்குகிற தலை. பத்துப் பதினைந்து கோட்டில் அதைப் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு கூட வேண்டாம். யாரும் சொல்லிக் கொடுத்த வித்தை இல்லை. ரூல் போடாத நோட்டு ஒன்று, பால்பாயிண்ட் பேனா ஒன்று, அவ்வளவுதான் என் சொத்து.

என் பெயர் சுகப்பிரியா. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டிரெய்னி என்ற பெயரில் இரண்டு வருஷமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்பது நிஜமாகவே நிற்பதுதான், லைனில் நாற்காலி கிடையாது. ஹாஸ்டலில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் பூமாரி. அவளும் எங்கள் பக்கம்தான், கடையநல்லூர். லைனில் எனக்கு நாலாள் தள்ளி நிற்பாள். மேலே இருந்து தொங்குகிற மின்சார ஸ்க்ரூ டிரைவரை இழுத்து ஒரு பெட்டிக்கு நாலு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பெட்டி.

முடுக்கி முடுக்கி அவள் வலது கை போய்விட்டது. கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கை வரைக்கும் இழுக்கும். காலையில் சீப்புப் பிடிக்க முடியாது, நான்தான் பின்னல் போட்டுவிடுவேன். லைனில் மட்டும் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவாள். இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வருகிற ஒன்றாம் தேதி அவளுக்கு வேலை ரெனியூவல். அது கிடைத்து மூன்றாம் வருஷத்தையும் முடித்தால்தான் பர்மனென்ட் பரீட்சை எழுத விடுவார்கள். கை போனது தெரிந்தால் ரெனியூவலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முத்துச்செல்வி என்று ஒருத்தி நல்லபிள்ளையாக சூப்பர்வைசரிடம் போய்க் கை வலிக்கிறது என்று சொன்னாள். பத்து நாள் ரெஸ்ட் எடும்மா, வேறு லைனுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. ஊரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஊருக்குப் போனா பீடிதாண்டி சுத்தணும். இந்தக் கைய வச்சிக்கிட்டு அதுவும் ஆவாது," என்பாள் பூமாரி. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை.

இனி என் தலைவலிக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் டைம் ஸ்டடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கையில் ஒரு அட்டை, அதில் ஒரு தாள், இன்னொரு கையில் நொடிக் கடிகாரம். நம் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நிமிர்ந்து ஒரு பார்வை, குனிந்து ஒரு கோடு. நிமிர்ந்து ஒரு பார்வை, குனிந்து ஒரு கோடு. இன்று அவர்கள் எழுதுகிற நொடிதான் அடுத்த மாதம் நமக்கு டார்கெட். அதனால் அட்டையைக் கண்டதும் லைன் மொத்தமும் கையை மெதுவாக்கிவிடும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். இருபத்திரண்டு நொடி வேலையை முப்பது நொடிக்கு இழுப்போம். ஸ்க்ரூவைக் கீழே போடுவோம், தேடுவோம், எடுப்போம், துடைப்போம். வந்த முதல் வாரத்திலேயே அது கையில் ஏறிவிடும்.

நான் செய்வதும் அதேதானே? நிமிர்ந்து ஒரு பார்வை, குனிந்து ஒரு கோடு.

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் நாலு பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒருத்தன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகிற அழகு எனக்குப் பிடித்துப்போய் நோட்டைத் திறந்தேன். இரண்டு கோடு போட்டிருப்பேன். அவன் என்னைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனை இடித்தான். அவ்வளவுதான், நாலு பேரும் டீயை மெதுவாகக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு வாய், கிளாஸைக் கீழே வைக்கிறான். கைக்குட்டையை எடுக்கிறான், மடிக்கிறான். மறுபடி ஒரு வாய். ஏண்டா, டீக்கு எவன்டா டார்கெட் வைக்கப்போகிறான்? எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அதோடு விட்டார்களா? சுகப்பிரியா டைம் ஸ்டடிக்கு ஆள் பார்க்கிறாள், வெளியே யார் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஹாஸ்டலில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நிற்கும். பஸ்ஸில் நோட்டை எடுத்தால் தூங்குகிறவர்கள் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். தூங்குகிறதற்கு என்னம்மா பயம், தூக்கத்துக்கும் கணக்கா? ஒவ்வொருத்தியிடமும் நோட்டைப் பிரித்துக் காட்டினேன். "எம் மூக்கு இப்பிடியா இருக்கு?" என்று கேட்டாளே தவிர, நம்பினாளா என்றால் இல்லை.

மிஞ்சினது பூமாரி ஒருத்திதான். "வரைஞ்சுக்கோட்டி, எனக்கு என்ன," என்று விட்டுவிடுவாள். போஸ் கொடுக்க மாட்டாள், எட்டிப் பார்க்க மாட்டாள், மூக்கைப் பற்றிக் கேட்க மாட்டாள். அதனால் பஸ் ஸ்டாப்பில் பூமாரி, மறைமலை நகர் சந்தையில் பூமாரி, ரேஷன் கடைப் படியில் பூமாரி, ரயிலில் ஜன்னலோரம் பூமாரி என்று நோட்டில் நாற்பது பக்கம் அவளாகவே நிறைந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் செங்கல்பட்டுக்கு ரயிலேறுவாள். அங்கே ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிக் கட்டுவார். எங்கள் கம்பெனி ஆட்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள். திரும்பி வரும்போது ரயிலிலேயே கட்டை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிடுவாள். நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டே காத்திருப்பேன். அங்கே சசிகலா அக்கா டீக்கடை போட்டிருக்கிறார்.

"இன்னா பொண்ணு, இன்னிக்கும் நோட்டும் கையுமா குந்திக்கினு கீற? டீ சொல்லு, இல்ல எட்த்த காலி பண்ணு," என்று வாரா வாரம் கேட்பார். நானும் வாரா வாரம் ஒரு டீ சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் உட்காரும் இடத்தில் பதினோராவது ஆளாக ஏறப் பார்க்கிற ஒருத்தரை வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ வந்து நின்றார்கள். சொன்னேனே, மனிதர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எட்டிப் பார்க்கிற ஜென்மம் எது என்று கடுப்போடு திரும்பினால் ரகுபதி சார். டைம் ஸ்டடியேதான். சேரப்பணஞ்சேரிக்காரர், மற்றவர்கள் மாதிரிப் பக்கத்தில் வராமல், பத்தடி தள்ளி நின்றே எங்களையெல்லாம் எழுதுகிறவர்.

"நீதானாம்மா எங்க டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கறது? லைன்ல எல்லாம் பேசிக்கினு இருக்காங்க. எனக்கே தெரியாம எனக்கு ஒரு ஆளா?" என்று சிரித்தார்.

எனக்கு மானமே போயிற்று. "சும்மா படம் வரையிறேன் சார்," என்றேன்.

"குடு பாப்போம்."

கொடுத்துவிட்டேன். இப்போது யோசித்தால் என் கையை நானே முறித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இரண்டு வருஷத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறார். வேகமாகத் தள்ளவில்லை. மூக்கைத் தேடவில்லை. ஒரு பக்கத்தில் நிறுத்தி, "தோ பாரு, இவன் தோள்ல பை மாட்டல, ஆனா பை மாட்டின தோளு. தினமும் மாட்டறவன். அத்த எப்படிம்மா புடிச்ச?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் அம்மா கூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எங்க செக்‌ஷனுக்கு நெஜமாவே ஒரு ஆள் வேணும்," என்றார். "புது லைன்ல கஸ்டமர்காரன் கேமரா உள்ள வுட மாட்றான். கை எங்க போவுது, எப்படித் திரும்புதுன்னு எங்களுக்குப் படமா வேணும். உக்காந்து பாக்கற வேலை. ஸ்டாஃப் யூனிஃபார்ம். உன் பேர நான் குடுக்கட்டா?"

உட்கார்ந்து பார்க்கிற வேலை. வரைவதற்கு ஒரு நாற்காலி! தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். பிறகு இன்னொரு பக்கம். பிறகு பழைய பக்கத்துக்கே போனார். முகத்தில் இருந்த சிரிப்பு போய், லைனில் நிற்கிற முகம் வந்துவிட்டது.

"யாரு இந்தப் பொண்ணு? நிறைய பக்கத்துல கீறாளே."

"எங்க ரூம் பொண்ணு சார், பூமாரி. நம்ம லைன்தான்," என்றேன் பெருமையாக. அடி முட்டாளே, பெருமையாகச் சொன்னேன்.

"ஸ்க்ரூ டிரைவர் ஸ்டேஷன் பொண்ணா?" பேனா மூடியால் படத்தைத் தொட்டார். "இதுல பை இடது கைல. இதுல ரயில் கம்பி இடது கைல. இதுல குடை. வலது கை எங்கன்னு பாரு, எல்லாத்துலயும் மடியில. இல்லாட்டி இடது கை அத்தப் புடிச்சினு கீது." இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். இதே டீக்கடை பெஞ்சில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அவள் இட்லி சாப்பிடுகிற படம். "இட்லி எந்தக் கைல துன்றா?"

இடது கை. நான்தான் வரைந்தேன், ஆறு வாரத்துக்கு முன்னால். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் இடது கையால் இட்லியைப் பிய்த்தாள். நான் கை எங்கே இருந்ததோ அங்கே கோட்டைப் போட்டேன். அரை நிமிஷத்தில் வரைகிறவளுக்கு எந்தக் கை என்று யோசிக்க ஏது நேரம்? வாயை இறுக்கிப் பூட்டி வைத்திருந்தேனே, இந்தப் பேனாவைப் பூட்ட எனக்குப் புத்தி போகவில்லையே!

"கைல ப்ராப்ளம் இருந்தா சொல்லச் சொல்லும்மா," என்றார் மெதுவாக. "நான் ஒரு வரி எழுதிக் குடுத்தா வேற லைனுக்கு மாத்திடுவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நிஜமாகவே மாற்றிவிடுவார்கள் என்று நம்புகிறார். ஒரு வரி எழுதிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அந்த வரி போய்ச் சேருகிற இடத்தில் முத்துச்செல்விக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது.

"சார், அவ கை நல்லாத்தான் இருக்கு," என்றேன். "எனக்குத்தான் கை வரைய வராது சார். வலது இடதெல்லாம் மாறிப் போயிரும். முகமும் முதுகும் வரும், கை மட்டும் வராது. அதனாலதான் மடியில வச்சு மறைச்சிருவேன்."

என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். காலிப் பக்கம் ஒன்றைத் திறந்து என் முன்னால் வைத்து, தன் வலது கையை டீக்கடை பெஞ்சின் மேல் நீட்டினார். "வரை."

நல்ல கை. முட்டியெல்லாம் தெளிவாக, சுண்டு விரல் லேசாக உள்ளே வளைந்து, நகத்தில் மை. அசையாமல் வேறு வைத்திருந்தார். இரண்டு வருஷமாக ஒருத்தர் கூட எனக்காக அசையாமல் இருந்ததில்லை. கோடு எங்கே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டு எலும்பில் தொடங்கி ஒரே இழுப்பு. பேனா தானாக அங்கே போனது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேறு இடத்தில் வைத்தேன். விரல்களை வாழைப்பழச் சீப்பு மாதிரி வரிசையாகப் போட்டேன். நீளமெல்லாம் ஒன்றே. கட்டைவிரலைக் கொண்டுபோய்ச் சுண்டு விரல் பக்கத்தில் ஒட்டினேன். அடித்தேன், மறுபடி தப்பாகவே போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் வரைந்ததில்லை.

அவர் படத்தைப் பார்த்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உச்சுக் கொட்டினார்.

"கட்டைவிரலே எட்த்த மாத்தி கீதேம்மா. உடம்பு இவ்ளோ நல்லா வருது, கை வரலியே." நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "கை வரலன்னா எங்க வேலைக்கு ஆவாது. தப்பா எடுத்துக்காத. வேற யார்னா பாத்துக்கறேன்."

"பரவால்ல சார்," என்றேன். அந்த நோட்டை மறுபடி திறந்து, இந்தா பாருய்யா கை என்று வரைந்து முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்தா ரயில் வர வேண்டும்? படியிறங்கி வந்துவிட்டாள் பூமாரி. தூரத்திலிருந்தே, "ஏட்டி, இன்னைக்கு ஏகப்பட்ட கூட்டம்," என்று கத்திக்கொண்டு வந்தவள் சாரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பை இடது தோளில். வலது கை பையின் வாரை ஒட்டி மடங்கி, படத்தில் இருந்த மாதிரியே இருந்தது.

"நீதான் பூமாரியா? வா, வா. உன் ஃபிரெண்டு உன்னத்தான் பக்கம் பக்கமா வரைஞ்சு வெச்சிருக்கா," என்றார் சார். திரும்பி, "சசி, மூணு டீ," என்றார்.

மூன்று டீ வந்தது. இரண்டை வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார். அடுத்ததை அவளிடம் நீட்டினார். நான் எட்டி, "குடுங்க சார், நான் வாங்கி வைக்கேன்," என்றேன்.

"உனக்குத்தான் கைல கீதே," என்றார், என்னைப் பார்க்காமலே. கிளாஸ் அவள் முன்னால் அப்படியே இருந்தது. அவர் கண் அவள் கையில் இருந்தது.

பெரியவர் ஒருத்தர் டீ கொடுக்கிறார். இடது கையால் வாங்கினால் மரியாதையும் இல்லை, வேலையும் இல்லை. பூமாரி என்னைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியாது, அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வலது கையை நீட்டினாள். கிளாஸைப் பற்றினாள். கொதிக்கிற டீ. எல்லோரும் விளிம்பில் இரண்டு விரலால் பிடிப்பார்கள், அவளுக்கு அந்த இரண்டு விரல்தான் போய்விட்டதே, முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"எந்த ஊரும்மா?"

"கடையநல்லூர் சார்."

"வேலையெல்லாம் எப்படி போவுது?"

"நல்லா இருக்கு சார்." சிரித்தாள். ஒரு வாய் குடித்தாள். கிளாஸ் ஆடவில்லை.

மனுஷன் கிளம்புவார் என்று பார்த்தால் கிளம்பினாரா? குற்றால சீசனைப் பற்றிக் கேட்டார். பழைய குற்றாலத்தில் கூட்டம் குறைவா என்று கேட்டார். அவளும் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள், நடுநடுவே ஒரு வாய். கடைசி வரைக்கும் குடித்தாள். அடியில் நின்ற சர்க்கரையைக் கூடச் சாய்த்துக் குடித்தாள். காலிக் கிளாஸை அதே கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அதன் பிறகுதான் சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரிம்மா, வரேன். நல்லா பண்ணுங்க," என்று சொல்லி ஒரகடம் ஆட்டோவில் முன் சீட்டில் ஏறினார். ஆட்டோ பாலத்துப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் பூமாரி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மறைந்ததும் நான் அவள் மேல் பாய்ந்தேன். "மூதேவி, ஒரு ரயில் விட்டு அடுத்த ரயில்ல வந்தா என்னட்டி உனக்கு? நான் இங்க கெடந்து செத்துக்கிட்டு இருக்கேன்! வை கிளாஸ கீழ!"

அவள் வைக்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"விடமாட்டேங்குட்டி," என்றாள்.

"என்னது?"

"வெரலு விடமாட்டேங்கு. மடங்குனது மடங்குனபடியே நிக்கி. நானும் அப்பத்துலருந்து விடப் பாக்கேன்."

பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டு முதலில் கட்டைவிரலைத் தூக்கினேன். பிறகு சுண்டு விரல், அதற்கு அடுத்தது. சூட்டில் உள்ளங்கை சிவந்து கிடந்தது. நடுவிரலைப் பிடித்து நிமிர்த்தியபோது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. பூமாரி துப்பட்டா நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். நான் அழுதுகொண்டே அவளைத் திட்டினேன், சாரைத் திட்டினேன், என் நோட்டைத் திட்டினேன்.

"இன்னா பொண்ணு, கிளாஸ் குடுக்கற ஐடியா கீதா இல்லியா? ஆளுங்க நிக்கறாங்கோ," என்று கடையிலிருந்து சசிகலா அக்கா கத்தினார்.

"இருங்கக்கா! ஒரு கிளாஸு இல்லாம உங்க கடை மூழ்கிராது!" என்று நானும் கத்தினேன்.

ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்து வரவில்லை.